காய்ச்சல், சீழ், மாத்திரை: பினாங்கு மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் மருந்தாளராக வேலை செய்கிறேன். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வருகிற தூரம்தான் கடை. காலையில் மார்க்கெட் பையோடு வருகிற அம்மாக்கள், சாயங்காலம் பெர்ரி பிடிக்க ஓடுகிற பட்டர்வொர்த்காரர்கள் என்று பலர் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது எல்லாவற்றையும் விளக்க முடிவதில்லை. பாதிப் பதிலோடு அனுப்பிவிட்டு, ராத்திரி படுத்த பிறகு மீதி நினைவுக்கு வரும். அந்த மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

காய்ச்சல் வந்தால் உடனே இறக்கிவிட வேண்டுமா?

காய்ச்சலைக் கிருமி உண்டாக்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். சூட்டை ஏற்றுவது நம் உடம்பேதான். கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் சில ரசாயனங்களை இரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையின் அடிப்பகுதியில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்துகிற ஹைப்போதலாமஸ், 37 டிகிரியில் வைத்திருந்த அளவை 39-க்கு உயர்த்திவிடுகிறது. அப்போது உடம்பு இன்னும் 37-ல்தான் இருக்கிறது. அதனால்தான் வெளியே வெயில் கொளுத்தினாலும் நமக்குக் குளிர்கிறது, நடுக்கம் எடுக்கிறது. நடுங்கி நடுங்கித் தசைகள் சூட்டை உண்டாக்குகின்றன. பல கிருமிகளுக்கு அந்தச் சூட்டில் பெருகுவது சிரமம், நம் வெள்ளணுக்களுக்கோ வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

பனடோல், அதாவது பாராசிட்டமால், அந்த அளவைத் திரும்பக் கீழே இறக்குகிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. குழந்தை விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் 38 டிகிரிக்குப் பதற வேண்டியதில்லை. சோர்ந்து கிடந்தால், வலியில் அழுதால், எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது. சளி மாத்திரை சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கல்லீரலுக்கு ஆபத்து. மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்கு வராதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

முள் குத்திய இடத்தில் சீழ் ஏன் வருகிறது? கெட்ட இரத்தமா?

போன மாதம் ஓர் அண்ணன் வந்து கட்டைவிரலைக் காட்டினார். பூச்செடி வெட்டும்போது முள் ஏறியிருக்கிறது. நகத்தோரம் சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. "கெட்ட ரத்தம் வெளிய வருதும்மா" என்றார்.

அந்த மஞ்சள் புள்ளிக்குள் இருந்தது பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோபில்கள். வெள்ளணுக்களில் இந்த வகைதான் முதலில் ஓடி வரும். முள்ளோடு பாக்டீரியா உள்ளே போனதும் அந்த இடத்துத் திசு எச்சரிக்கை ரசாயனங்களை விடுகிறது. சுற்றியுள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச்சுவர் கொஞ்சம் தளர்ந்து நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்த இடைவெளி வழியாக நியூட்ரோபில்கள் நெளிந்து வெளியே வந்து பாக்டீரியாவை விழுங்குகின்றன, விழுங்கிவிட்டுச் சாகின்றன. அவற்றுக்கு ஆயுள் குறைவு. அதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. அந்த எண்ணிக்கையைப் படித்த நாளிலிருந்து சீழைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு வருவதில்லை.

அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். நெறி கட்டுவது இதன் அடுத்த கட்டம். விரலிலிருந்து கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு சில அணுக்கள் அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே லட்சக்கணக்கான டி அணுக்களும் பி அணுக்களும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். இந்தக் கிருமிக்குப் பொருந்துகிற ஒன்றிரண்டு கிடைத்துவிட்டால் அவை பெருக ஆரம்பிக்கும். அந்தக் கூட்டத்தால்தான் கணு வீங்கி, தொட்டால் வலிக்கிறது. பி அணுக்கள் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும். அது கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும். டி அணுக்களில் ஒரு வகை, வைரஸ் புகுந்துவிட்ட நம் சொந்த அணுக்களைத் தேடிக் கொல்லும். முதல் முறை இதற்கெல்லாம் ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும்.

அவரை அன்றே கிளினிக்குக்கு அனுப்பினேன். சிவப்புக் கோடு கைமேல் ஏற ஆரம்பித்திருந்தது. அப்படி ஏறினால் காத்திருக்கக் கூடாது.

சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் தர மாட்டேன் என்கிறீர்களே?

இரண்டு காரணம். முதல் காரணம் சட்டம். மலேசியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரையை நாங்கள் விற்க முடியாது. இங்கே தனியார் கிளினிக்கே மருந்தையும் கையில் கொடுத்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் அந்தப் பச்சை நிறம். நியூட்ரோபில்களுக்குள் இரும்புச்சத்து கலந்த ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. சளி பச்சையாக இருந்தால் வெள்ளணுக்கள் வந்து வேலை செய்திருக்கின்றன என்று அர்த்தம். வைரஸ் சளியிலும் அப்படித்தான் ஆகும். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். பெனிசிலின், பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரைக் கெடுக்கிறது. நம் அணுக்களுக்கு அந்தச் சுவர் கிடையாது, அதனால் நமக்குப் பாதிப்பு குறைவு. வைரசுக்கும் அந்தச் சுவர் கிடையாது, அதனால் அதற்குப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மீதி மாத்திரையை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ள வேண்டாம். குடல் பாக்டீரியா ஒன்று நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்படியே போனால் 10 மணி நேரத்தில் 30 தலைமுறை, 100 கோடிக்கு மேல். அத்தனை பிரதிகளில் எங்கேயாவது ஒரு பிழை நேரும். அந்தப் பிழை மருந்தைத் தாங்குகிற சக்தியைத் தந்துவிட்டால், மற்றவை சாக, அது மட்டும் பெருகும். தேவையில்லாமல் விழுங்குகிற ஒவ்வொரு மாத்திரையும் நம் குடலில் இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்கு இந்தப் பயிற்சியைத்தான் கொடுக்கிறது. எத்தனை நாள் என்று மருத்துவர் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது பெரிய கெடுதல்.

காசநோய்க்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கிருமி மெதுவாகப் பிரியும், சில தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வழக்கமாக ஆறு மாதம், பல மருந்துகள் சேர்த்து. மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் வருகிறது. வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பங்களை இன்னும் பார்க்கிறேன். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். அந்தக் காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள். சென்னையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரைச் சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், சாப்பாடும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவுதான். வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது.

அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது. டிங்கி மட்டும் ஏன் திரும்ப வருகிறது?

கிருமி போன பிறகும் அதைத் தெரிந்துவைத்திருக்கிற சில அணுக்கள் பல வருடம் உயிரோடு இருக்கும். அதே கிருமி மறுபடி நுழைந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே வேலையை ஆரம்பித்துவிடும். தட்டம்மை, சின்னம்மைக்கெல்லாம் இது பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். தடுப்பூசி செய்வதும் இதே வேலைதான், நோயின் ஆபத்து இல்லாமல்.

டிங்கி வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்து குணமானால் அந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு. இரண்டாவது முறை வேறு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி அதன் மேல் ஒட்டும், ஆனால் அடக்க முடியாது. வெள்ளணுக்கள் 'நம் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதே' என்று அதை உள்ளே இழுக்கும். உள்ளே போன வைரஸ் அங்கேயே பெருகும். இரண்டாவது டிங்கி பல நேரம் கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நான்கு வகைக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்வது இத்தனை வருடம் இழுத்ததற்கும் இதுதான் காரணம்.

டிங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?

இந்த வட்டாரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி. இதைச் சிரித்து ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிள்ளான் மருத்துவமனையில் டிங்கி நோயாளிகள் 228 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக மூன்று நாள் பப்பாளி இலைச் சாறு. சாறு குடித்தவர்களுக்கு, இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை சீக்கிரமாக ஏறியது. 2013-ல் வெளியான ஆய்வு இது.

அப்படியென்றால் நிரூபணம் ஆகிவிட்டதா? ஒரு பகுதிதான். யார் சாறு குடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், மறைத்துச் செய்த சோதனை இல்லை. அதைவிட முக்கியம், டிங்கியில் உயிர் போவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவதால் இல்லை. இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவதால்தான் போகிறது. சாறு அந்தக் கசிவை நிறுத்துமா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

அதனால் என் பதில் இதுதான்: ஆசைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் 'தப்பித்தோம்' என்று வீட்டில் படுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டிங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டும் கூடாது.

ஒரு புது மருந்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

நம் கோலாலம்பூரில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா. அங்கே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், மற்ற கிருமிகளைக் கொல்கிற ஒரு பொருளைச் சுரப்பதை 1947-ல் கண்டுபிடித்தார்கள். அதுதான் குளோராம்ஃபெனிகால். ஆய்வுக்கூடத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமியை அது அடக்கியது. லாலான் புல்லிலும் தோட்டத்துப் புதரிலும் இருக்கிற பொடி உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் அது. தோட்டத் தொழிலாளிகளையும், போர்க்காலத்தில் சிப்பாய்களையும் அது கொன்றிருக்கிறது. அதுவரை அதற்கு நல்ல மருந்து இல்லை.

நோயாளி இருக்கிற இடத்தில்தானே மருந்தைச் சோதிக்க முடியும்? 1948-ல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, கோலாலம்பூரில் 1900-ல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது. மருந்து வேலை செய்தது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினார்கள். உடனே டைபாய்டு நோயாளிகளிடம் தனியாகச் சோதித்து அதே ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து உலகத்துக்குத் தெரியவந்தது இந்த ஊரில்தான்.

கதை அங்கே முடியவில்லை. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகு, மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையே இரத்தம் செய்வதை நிறுத்திவிடுகிறது என்று தெரிந்தது. பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடப்பது, ஒரு சில நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில் எப்படித் தெரியும்? அதனால்தான் மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிக்கிறார்கள். இன்று குளோராம்ஃபெனிகாலைப் பெரும்பாலும் கண் சொட்டு மருந்தாகத்தான் பார்ப்பீர்கள்.

இப்போது முறை இன்னும் கண்டிப்பானது. ஆய்வுக்கூடம், பிறகு விலங்குகள். அப்புறம் மனிதர்களிடம் முதல் கட்டம், 20 முதல் 100 பேர் வரை, உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க. இரண்டாம் கட்டம் சில நூறு நோயாளிகள், பலன் இருக்கிறதா, எவ்வளவு கொடுப்பது என்று பார்க்க. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை, குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, முடிந்தால் யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல். மனிதச் சோதனைக்கு வருகிற மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் ஏறக்குறைய தேறுகிறது. மொத்தம் 10 முதல் 15 வருடம்.

அத்தனை வருடம் எதற்கு? நோயாளி காத்திருக்க முடியுமா?

தலிடோமைடு என்ற மருந்தை 1957-லிருந்து ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்றார்கள், கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்தார்கள். பல நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, ஆதாரம் போதாது என்று சொல்லி அனுமதி தராமல் நின்றார். அங்கே பாதிப்பு மிகக் குறைவு. ஒரு தாமதம் எத்தனை பிள்ளைகளைக் காத்தது என்று நினைத்துப் பாருங்கள்.

கோவிட் தடுப்பூசி ஒரே வருடத்தில் வந்ததே என்றும் கேட்பார்கள். கட்டங்களைத் தாண்டிக் குதிக்கவில்லை, ஒன்றோடொன்று சேர்த்து நடத்தினார்கள். பணத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. பைசர், மொடர்னா தடுப்பூசிகளின் அடிப்படை ஆராய்ச்சியை கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள். 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான்.

சில மருந்து ஏன் இவ்வளவு விலை?

கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் சி-க்கு சோபோஸ்புவிர் என்ற மருந்து வந்தபோது அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர். காப்புரிமை இருக்கும் வரை வேறு யாரும் செய்ய முடியாது. 2017-ல் மலேசிய அரசு சட்டத்தில் இருந்த ஒரு வழியைப் பயன்படுத்தி, அரசு மருத்துவமனைகளுக்காக மலிவான பிரதியை வாங்க அனுமதித்தது. அதோடு நிற்காமல், ரவிடாஸ்விர் என்ற புது மருந்தை அதனுடன் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் சோதித்தார்கள். 97 சதவீதம் பேர் குணமானார்கள். 2021-ல் ரவிடாஸ்விர் இங்கே பதிவானது. எனக்கு இது பெருமையான விஷயம்.

நாட்டு மருந்துக்குப் பக்க விளைவு இல்லைதானே?

சர்ப்பகந்தா வேரிலிருந்து இரத்த அழுத்த மருந்து வந்தது, சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியா மருந்து ஆர்டிமிசினின் வந்தது. மூலிகையில் சக்தி இருக்கிறது. சக்தி இருப்பதால்தான் அளவும் ஆபத்தும் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறொன்று. முட்டிவலிக்கு இணையத்தில் வாங்கிய பொடியோடு ஒரு பாட்டி வந்தார். "ரெண்டே நாள்ல வலி போச்சு கண்ணு" என்றார். ஆனால் முகம் உருண்டு வீங்கி, கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு மேலே சொன்ன போராட்டத்தையே அடக்கிவிடும். கிருமி உள்ளே வளர்ந்தாலும் காய்ச்சல் கூடத் தெரியாது. அதை திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால் பொடியைக் குப்பையில் போடச் சொல்லாமல், கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பதிவான மருந்தில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். எண்ணை அடுத்து வருகிற எழுத்து 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து, 'எக்ஸ்' (X) என்றால் சீட்டில்லாமல் வாங்கலாம். மின்னுகிற ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண்ணை மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இம்யூனிட்டி கூட்டுகிற மாத்திரை இருக்கிறதா?

அலர்ஜியும் சிலவகை மூட்டுவாதமும் அந்த நோய் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாத இடத்தில் காட்டுகிற வேகம்தான். கூட்டினால் நல்லது என்ற கணக்கே சரியில்லை. தூக்கம், சாப்பாடு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, தடுப்பூசி. இதற்கு மேல் விற்க என்னிடம் எதுவும் இல்லை.

கேப்சூல் சைவமா?

பெரும்பாலான கேப்சூல் கூடு ஜெலட்டின், மாட்டிலிருந்தோ வேறு விலங்கிலிருந்தோ எடுப்பது. பெட்டியில் எதிலிருந்து என்று எழுதியிருக்கும். தைப்பூச விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாத்திரை வடிவமோ தாவரக் கூடோ பார்த்துத் தருவேன். தயவுசெய்து சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனையில் புது மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

பயம் நியாயமானது. நம் ஆட்களிடம் கேட்காமலே பலவற்றை முடிவு செய்த காலம் இருந்தது. இன்று நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் சோதனை தொடங்க முடியாது. உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். எந்த நேரத்திலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம். இவற்றைக் கேளுங்கள்: இது எந்தக் கட்டம்? இதற்கு முன் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்? எனக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை வரக்கூடுமா? ஏதாவது ஆனால் செலவு யாருடையது? ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்குத் தாளில் போன் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.